முடிக்காத பேச்சே முடியைக் காத்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மாலைப் பொழுதை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தை 1558 முதல் 1603 வரை அரியணையில் நிலைநிறுத்தியது, மணமே வேண்டாம் என்ற உறுதியா? மணப் பேச்சை முடிக்காமலே வைத்திருந்த சாமர்த்தியமா? நான் சாமர்த்தியத்தின் பக்கம். எதிரணித் தலைவர் உறுதிக்காகப் பேசினார். போகிற போக்கில் ஒரு சலவைக்கல்லையும் தூக்கி என் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

1559 பிப்ரவரியில், எலிசபெத் முடிசூடிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரத்தில், நாடாளுமன்றம் அவரிடம் மணம் செய்துகொள்ளுமாறு விண்ணப்பித்தது. அதற்கு அவர், 'இன்ன காலம் ஆண்ட ஒரு ராணி கன்னியாகவே வாழ்ந்து கன்னியாகவே மறைந்தாள் என்று ஒரு சலவைக்கல் சொன்னால் எனக்குப் போதும்' என்று பதில் சொன்னார். எதிரணித் தலைவர் இதைச் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். நல்ல வாக்கியத்துக்குத் தட்டாமல் இருக்க முடியாது. ஆனால் ஐயா, அதே பதிலில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? 'கடவுள் என் மனத்தை வேறுவிதமான வாழ்க்கைக்குத் திருப்புவாரானால், நாடு மனக்குறைப்படும்படி எதையும் முடிவு செய்யமாட்டேன்' என்றும் சொல்கிறார். வேறுவிதமான வாழ்க்கை என்றால் என்ன? கல்யாணம்தான். கதவைச் சாத்தினார் என்கிறீர்கள். சாத்தினார்தான், தாழ்ப்பாள் போடவில்லை.

ஏழு ஆண்டு கழித்து, 1566இல், அதே ராணி அதே நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகளிடம் என்ன சொன்னார்? வசதிப்பட்டவுடன் மணம் முடிப்பேன் என்றார். யாரை மணக்க நினைக்கிறேனோ அவரைக் கடவுள் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், என்னை எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், வேறு பெரிய தடை ஏதும் வராமல் இருந்தால், என்று மூன்று கொக்கிகளையும் மாட்டினார். பிள்ளைகள் பெறுவேன் என்று நம்புகிறேன், அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் மணக்கவே மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். இது விரதம் பூண்டவர் பேச்சா? 'வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்று பெண் வீட்டார் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பொருளே கிடையாது. பொருள் இல்லாமல் இருப்பதுதான் அதன் பயன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் நெஞ்சைத் தொடும்படி ஒன்று சொன்னார். எலிசபெத்துக்கு மூன்று வயது நிரம்புவதற்குள் தாய் ஆன் போலினின் தலையை வாங்கியவர் தந்தை எட்டாம் ஹென்றி. எட்டு வயதில் சிற்றன்னை கேத்தரின் ஹவர்டின் தலையும் போயிற்று. 'நான் ஒருநாளும் மணக்க மாட்டேன்' என்று அந்த எட்டு வயதிலேயே அவர் சொன்னதாக அவருடைய சிறுவயதுத் தோழர் ராபர்ட் டட்லி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அம்மா, அந்தப் பயம் உண்மையாகவே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. அது அவர் ஏன் மணக்கவில்லை என்பதற்கு வேண்டுமானால் விடையாகும். இங்கே கேள்வி அதுவல்ல. எப்படி ஆண்டார் என்பதுதான் கேள்வி. பயம் ஒருவரை அறைக்குள் பூட்டிவைக்கும். ஐரோப்பாவின் அரச குடும்பங்களையெல்லாம் அவர் வாசலில் வரிசையாக நிற்க வைக்காது.

அந்தக் கலையை அவர் எங்கே படித்தார் என்று சொல்கிறேன். அக்காள் மேரியின் ஆட்சியில் படித்தார். 1553 கடைசியில் மேரி ராணி ஸ்பெயின் இளவரசர் பிலிப்பை மணக்க முடிவு செய்தார். முடிவு என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவு வெளியே வந்ததும் வயட் என்பவர் தலைமையில் கென்ட் பகுதி கிளர்ந்தது. படை லண்டன் வாசல் வரை வந்தது. கிளர்ச்சி அடங்கியதும் பழி யார் மீது விழுந்தது? அடுத்த வாரிசான இருபது வயது எலிசபெத் மீது.

1554 மார்ச் 17. லண்டனின் சிறைக்கோட்டையான டவருக்குக் கொண்டுபோகப் பிரபுக்கள் வந்து நிற்கிறார்கள். ஆற்றில் படகு காத்திருக்கிறது. அக்காளுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்று எலிசபெத் அனுமதி கேட்டு உட்கார்ந்தார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அதற்குள் தேம்ஸ் நதியின் நீரோட்டம் மாறிவிட்டது; அன்றைக்குப் படகு போக முடியவில்லை. ஒருநாள் கிடைத்தது. கடிதம் இரண்டாம் தாளில் கொஞ்சத் தூரத்திலேயே முடிந்துவிட, கீழே நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் வேறு யாராவது ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டால் தலை போய்விடும். ஆகவே வெற்றிடம் முழுவதும் சாய்வாகக் கோடுகள் இழுத்து அடைத்தார்; கடைசியில் ஒரு வரியும் கையெழுத்தும். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது, கோடுகளும் இருக்கின்றன.

மறுநாள் டவருக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் காலம் தாழ்த்துவது ஓர் ஆயுதம் என்பதையும், எந்த இடத்தை அடைக்க வேண்டும், எந்த இடத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பதையும் அந்த ஒரு பிற்பகலிலேயே அவர் கற்றுக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் பின்னால் வந்த நாற்பத்து நான்கு ஆண்டுகளும் இந்த ஊகத்துக்குச் சாட்சி சொல்கின்றன.

மேரியின் கல்யாணம் என்ன ஆயிற்று? ஒப்பந்தத்தை மிகக் கவனமாகத்தான் எழுதினார்கள். ஸ்பெயினின் போருக்குள் இங்கிலாந்தை இழுக்கக் கூடாது என்று எழுத்தில் இருந்தது. 1557இல் இங்கிலாந்து பிலிப்போடு சேர்ந்து பிரான்சின் மீது போருக்குப் போயிற்று. 1558 ஜனவரியில் கலே கைவிட்டுப் போயிற்று. பிரெஞ்சு மண்ணில் இங்கிலாந்துக்கு மிஞ்சியிருந்த கடைசி நகரம் அது. மேரிக்குப் பிள்ளையும் இல்லை. கணவர் பெரும்பாலும் ஊரிலும் இல்லை.

சரி, மணந்தால் ஆபத்து. ஆகவே 'மாட்டேன்' என்று சொல்லிவிடுவதுதானே என்று எதிரணி கேட்கும். அங்கேதான் ஐயா நீங்களும் நானும் பிரிகிறோம். 'மாட்டேன்' என்று ஒருமுறை உறுதியாகச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உங்களிடம் விற்கச் சரக்கே இல்லை. 1558இல் இங்கிலாந்தின் நிலையைப் பாருங்கள். கருவூலத்தில் கடன். வடக்கே ஸ்காட்லாந்தில் பிரெஞ்சுப் படை. சமயத்தில் நாடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. ரோமின் பார்வையில் எலிசபெத் முறையாகப் பிறந்தவரே அல்லர். அதே ஆண்டுதான் ஜான் நாக்ஸ் என்ற சமயத் தலைவர், பெண் ஆள்வது இயற்கைக்கே விரோதம் என்று ஒரு முழக்கம் எழுதி வெளியிட்டிருந்தார். படை இல்லை, பணம் இல்லை, பலமான நட்பு இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று: மணமாகாத ராணியின் கை. அதைக் கொடுத்தாலும் போயிற்று. கிடையாது என்று மடக்கிக்கொண்டாலும் போயிற்று. நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும்.

முதலில் நீட்டியது அக்காளின் கணவரிடமே! மேரி இறந்து சில வாரங்களில் பிலிப்பின் தூதர் பெரியா பிரபு பெண் கேட்டார். அப்போது பிரான்சோடு சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்தது; ஸ்பெயினின் ஆதரவு இங்கிலாந்துக்குக் கட்டாயம் தேவை. எலிசபெத் உடனே முகத்தில் அடித்தாற்போல் மறுத்தாரா? இல்லை. நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும், ஆலோசகர்களைக் கேட்க வேண்டும் என்று வாரக்கணக்கில் ஓட்டினார். 1559 ஏப்ரலில் சமாதானம் கையெழுத்தானது. பிலிப் பிரெஞ்சு இளவரசியை மணந்தார். இங்கிலாந்துக்கு நட்டம் ஒன்றுமில்லை.

அடுத்தது ஆஸ்திரியாவின் ஆர்ச்டியூக் சார்லஸ். பேரரசர் பெர்டினாண்டின் மகன். இந்தப் பேச்சு 1559இல் தொடங்கி, நடுவில் படுத்து, மறுபடி எழுந்து, 1567 கடைசி வரை நடந்தது. படம் அனுப்பவா என்று கேட்டதற்கு ராணி என்ன சொன்னார்? ஓவியர்களை நம்பமாட்டேன், ஆளே நேரில் வரட்டும் என்றார். தந்தை ஹென்றி ஓர் ஓவியத்தை நம்பிக் கிளீவ்ஸ் நாட்டு ஆன் என்ற பெண்ணை வரவழைத்து, நேரில் பார்த்ததும் முகம் சுளித்த கதை அந்த அரண்மனையில் யாருக்குத் தெரியாது? ஆனால் ஒரு பேரரசரின் மகன் நேரில் வந்து, பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டால் ஐரோப்பா முழுவதும் சிரிக்கும். அதனால் அவர் வரமாட்டார். வரமாட்டார் என்பது ராணிக்கும் தெரியும். கேட்பதற்கு நியாயமான நிபந்தனை, நிறைவேறவோ வழியில்லை. பிறகு சார்லஸ் தன் அறைக்குள் கத்தோலிக்கத் திருப்பலி வைத்துக்கொள்ளலாமா என்ற ஒரு கேள்வியிலேயே ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளில் எலிசபெத்தைச் சமயவிலக்கம் செய்ய ரோம் முனைந்தபோதெல்லாம் பிலிப்பும் பேரரசரும்தான் அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆணை வந்தது 1570இல். அதற்குள் பதினோர் ஆண்டுக்கு மேல் வேரோடிவிட்டது ஆட்சி.

இங்கே ஒரு சின்னச் செய்தி. ராணியின் செயலாளர் வில்லியம் செசில் 1566இல் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி பிரித்து எழுதினார். ஒரு பக்கம் சார்லஸ், மறுபக்கம் ராபர்ட் டட்லி. பிறப்பு, சொத்து, நற்பெயர், பிள்ளை பெறும் வாய்ப்பு என்று ஒவ்வொன்றாகப் பொருத்தம் பார்த்தார். சொத்து என்ற இடத்தில் டட்லிக்கு எதிரே அவர் எழுதியதன் சாரம்: எல்லாம் ராணி கொடுத்தது, போதாததற்குக் கடன். நற்பெயர் என்ற இடத்தில்: பலருக்கு வெறுப்பு, மனைவியின் சாவால் களங்கம். நாட்டை நிர்வகித்த பெரிய மூளை மாப்பிள்ளைக்குப் பொருத்தம் எழுதிக்கொண்டிருந்தது. ராணி? இரண்டு பத்தியையும் அப்படியே விட்டுவைத்தார்.

டட்லியின் பெயரை எதிரணியே எடுத்தது. காதலித்தவரை நாட்டுக்காகத் துறந்தார், அதுவே உறுதி என்றார்கள். துறந்தாரா? பார்ப்போம்.

டட்லி ராணியின் குதிரை லாயங்களுக்குத் தலைமை அதிகாரி, சிறுவயதுத் தோழர், மணமானவர். 1560 செப்டம்பர் 8, மனைவி ஏமி ராப்சார்ட் கம்னர் என்ற ஊரில் தங்கியிருந்த வீட்டில், வேலையாட்களெல்லாம் சந்தைக்குப் போயிருந்த நாளில், படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். விசாரணைக் குழு விபத்து என்றது. ஐரோப்பா கொலை என்றது. அப்போது பிரான்சில் ராணியாக இருந்த ஸ்காட்லாந்து மேரி, 'இங்கிலாந்து ராணி தன் குதிரைக்காரனை மணக்கப் போகிறாள்; அவளுக்கு இடம் விட அவன் மனைவியைக் கொன்றுவிட்டான்' என்று சிரித்ததாகத் தூதர் வழியாகச் செய்தி வந்தது. எலிசபெத் டட்லியைச் சில நாள் அரண்மனையிலிருந்து விலக்கிவைத்தார், திரும்ப அழைத்தார், மணக்கவில்லை.

காலம் வேடிக்கையானது. சிரித்த மேரிக்கே அதே தேர்வு வந்தது. 1567 பிப்ரவரியில் மேரியின் கணவர் டார்ன்லி எடின்பரோவில் கொல்லப்பட்டார். சந்தேகம் பாத்வெல் பிரபு மீது. மே 15ஆம் தேதி மேரி அதே பாத்வெல்லை மணந்தார். ஜூலை 24ஆம் தேதி முடியைத் துறக்க வைக்கப்பட்டார். மூன்று மாதத்தில் கல்யாணம், ஐந்தரை மாதத்தில் சிம்மாசனம் காலி. பக்கத்து நாடு, அதே காலம், உறவுக்காரப் பெண், அதே வகைச் சிக்கல். மேரி பேச்சை முடித்தார். எலிசபெத் முடிக்கவில்லை.

முடிக்கவில்லை என்றுதான் சொல்கிறேன், துறக்கவில்லை. 1562 அக்டோபரில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பெரியம்மை கண்டு சாகக் கிடந்தபோது, நாட்டுக்குப் பாதுகாவலராக யாரைச் சொன்னார்? டட்லியை. 1564இல் அவருக்கு லெஸ்டர் பிரபு பட்டம் சூட்டினார். சூட்டும்போது சபை நடுவே கழுத்தில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டியதை ஸ்காட்லாந்துத் தூதர் மெல்வில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பட்டமே எதற்கு? மேரிக்கு மாப்பிள்ளையாகக் கொடுக்கத் தோதாக! தன் காதலரைப் பகை ராணிக்கு வரன் பேசிக்கொண்டே அவர் கழுத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறவரை உறுதியின் உருவம் என்று எதிரணி சொன்னால், அகராதியில் உறுதி என்ற சொல்லுக்குப் புதிதாகப் பொருள் எழுத வேண்டும்.

அந்த மெல்வில் கெட்டிக்காரர். எலிசபெத்திடமே சொன்னார்: உங்கள் பெருமிதம் எனக்குத் தெரியும், மணந்தால் நீங்கள் இங்கிலாந்தின் ராணி மட்டும், இப்போதோ ராஜாவும் நீங்களே, ராணியும் நீங்களே.

உள்நாட்டில் இந்தப் பேச்சு எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். நார்போக், சசெக்ஸ் பிரபுக்கள் ஆர்ச்டியூக் கட்சி. லெஸ்டர் தன் சொந்தக் கட்சி. யாருக்கும் நம்பிக்கை முற்றாக அறுந்துவிடவில்லை. நம்பிக்கை இருக்கிறவரை சபையில்தான் சண்டை, தெருவில் அல்ல. நாளைக்கே ஒரு கணவர் வந்தால் ஒரு கட்சி ஆளும், மற்றவை வாளைத் தேடும்.

பணம் விஷயத்திலும் பாருங்கள். 1566இல், ராணியின் செலவுக்கு மக்களிடம் வரி வசூலிக்கும் அனுமதியான வரிமானியம் வேண்டுமென்றால் கல்யாணத்துக்கும் வாரிசுக்கும் வழி சொல்லுங்கள் என்று நாடாளுமன்றம் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. ராணி சீறினார். 'நான் உங்கள் அபிஷேகம் பெற்ற அரசி. வன்முறையால் என்னை எதையும் செய்ய வைக்க முடியாது. உள்பாவாடையோடு நாட்டைவிட்டுத் துரத்தினாலும் கிறிஸ்தவ உலகில் எந்த மூலையிலும் பிழைத்துக்கொள்வேன்' என்றார். பிறகு மானியத்தில் மூன்றில் ஒரு பங்கை வேண்டாம் என்று தானே விட்டுக்கொடுத்தார். ஆனால் அதற்கடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. மணம் முடிப்பேன் என்று ராணி வாயால் சொன்னதை மானியச் சட்டத்தின் முன்னுரையில் எழுத்தாகப் பதிய உறுப்பினர்கள் வரைவு தயாரித்தார்கள். வரைவு அவர் கைக்கு வந்தது. அதன் மேலேயே கோபமாகக் கிறுக்கினார்: என் தனிப்பட்ட பதில்கள் ஒரு மானியப் புத்தகத்துக்கு முன்னுரையாக வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை! மணப்பேன் என்று வாயால் சொல்லத் தயார்; எழுத்தில் தரத் தயாரில்லை. பணத்தைக்கூட விட்டுக்கொடுத்தார், பேச்சைப் பேச்சாகவே வைத்திருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. இருபது வயதில் வெற்றிடத்தைக் கோடு போட்டு அடைத்த அதே கை.

இனி பெரிய பேச்சுக்கு வருகிறேன். பிரெஞ்சு மன்னரின் தம்பி பிரான்சிஸ், அஞ்சூ கோமகன். 1579 ஆகஸ்டில் நேரிலேயே வந்துவிட்டார்! அவருக்கு 24 வயது, ராணிக்கு 45 முடிந்து 46 நடக்கப்போகிறது. அவருடைய தூதர் சிமியேயை ராணி 'என் குரங்கு' என்பார். மாப்பிள்ளைக்குத் 'தவளை' என்று செல்லப் பெயர். ஸ்பெயினின் கை ஓங்கிக்கொண்டிருந்த நேரம்; 1580இல் போர்ச்சுகலின் முடியும் பிலிப்பிடம் போயிற்று. நெதர்லாந்தில் ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி. பிரான்சைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், அதே சமயம் நெதர்லாந்தைப் பிரான்ஸ் விழுங்கிவிடாமலும் பார்க்க வேண்டும். படையெடுத்தால் செலவு, மணப் பேச்சுக்கு ஒரு தவளை பொம்மை போதும்.

இங்கே எதிரணி என்னை மடக்கும். ஸ்டப்ஸ் என்பவரின் கையை மறந்துவிட்டீர்களா என்று கேட்கும். மறக்கவில்லை. ஜான் ஸ்டப்ஸ், புராட்டஸ்டன்ட் அறிவாளர், இந்தக் கல்யாணத்தைக் கடுமையாக எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார். 1579 நவம்பர் 3, வெஸ்ட்மின்ஸ்டரில் மேடை போட்டு, வெட்டுக் கத்தியை மணிக்கட்டில் வைத்துச் சுத்தியலால் அடித்து, வலக்கையைத் துண்டித்தார்கள். அவர் இடக்கையால் தொப்பியைக் கழற்றி, 'கடவுள் ராணியைக் காப்பாராக' என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தார். கூட்டம் சத்தமே இல்லாமல் நின்றது. எந்தச் சட்டத்தில் வெட்டினார்கள் தெரியுமா? அக்காள் மேரியும் அவர் கணவர் பிலிப்பும் ஆண்ட காலத்தில் போட்ட சட்டத்தில். அதைக் கொண்டு, கணவரே இல்லாத ராணி ஒருவரின் கையை எடுக்கிறார். இதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். சாமர்த்தியத்துக்கு ரத்தக் கறை உண்டு. அதைத் துடைத்துக் காட்டுவது என் வேலையல்ல. ஆனால் ஒன்று கேட்கிறேன். மணக்கவே கூடாது என்ற உறுதி ராணிக்கு இருந்திருந்தால், அதையேதான் ஸ்டப்ஸும் சொன்னார்! அவருக்குப் பரிசல்லவா கொடுத்திருக்க வேண்டும்? கையை வெட்டியது எதற்காக? தன் பேச்சைத் தன்னைத் தவிர வேறு எவரும் முடித்துவைக்கக் கூடாது என்பதற்காக.

அந்த அக்டோபரில் ஆலோசனைக் குழு நாள்கணக்காகக் கூடியும் மணந்துகொள்ளுங்கள் என்று ஒரே குரலில் சொல்லவில்லை. உங்கள் விருப்பப்படி என்றார்கள். ராணி அவர்கள் எதிரிலேயே அழுதார். அந்தக் கண்ணீர் நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒருவேளை அந்த ஒரு முறை மட்டும் அவர் உண்மையாகவே விரும்பியிருக்கலாம். விரும்பியும் முடிக்காமல் விட்டார் என்றால் என் கட்சிக்குத்தான் அது பலம்.

1581 நவம்பர் 22. லெஸ்டரும் ராணியின் அப்போதைய செயலாளர் வால்சிங்கமும் பார்த்துக்கொண்டிருக்க, பிரெஞ்சுத் தூதர் அரண்மனைக் கூடத்தில் கேட்கிறார்: என் மன்னருக்கு என்ன எழுதட்டும்? 'இவர் என் கணவராவார் என்று எழுதுங்கள்' என்று சொல்லி, ராணி பிரான்சிஸின் வாயில் முத்தமிட்டு, தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். ஊர் திகைத்தது. மறுநாள் காலை? இரவெல்லாம் தூங்கவில்லை, யோசித்தேன், இப்போது முடியாது. 1582 பிப்ரவரியில் மாப்பிள்ளை, நெதர்லாந்துச் செலவுக்கு இங்கிலாந்துப் பணத்தோடு கப்பலேறினார். கான்டர்பரி வரை ராணி கூடவே போய் வழியனுப்பினார். இரண்டு ஆண்டில் பிரான்சிஸ் இறந்தார். அந்தப் பேச்சும் அவரோடு போயிற்று.

எதிரணியின் பெரிய ஆயுதம் கன்னி ராணி என்ற பட்டம். நிலவோடும் ரோமானியரின் கன்னித் தெய்வமான டயானாவோடும் ஒப்பிட்ட கவிதைகள், ஓவியங்கள். அந்தத் துதி எப்போது பெருகியது? 1578இல் நார்விச் நகர வரவேற்பில் தலைகாட்டி, பிரான்சிஸ் போன பிறகுதான் நாடெங்கும் ஓங்கியது. ராணிக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. பெண் கேட்டு வர ஆள் இல்லை. கன்னி ராணி என்பது, மணப் பேச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அதற்குக் கிடைத்த ஓய்வூதியம். ஓய்வூதியத்தைக் காட்டி, இதுதான் அவர் பார்த்த வேலை என்கிறார்கள் நண்பர்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு நிமிடம். வாரிசு இல்லாமல் நாட்டைப் பணயம் வைத்தாரே என்று கடைசியாகக் கேட்டார்கள். எதிரணி கேட்டதிலேயே கனமான கேள்வி அதுதான். 1562இல் அந்த அம்மையில் அவர் போயிருந்தால் நாடு என்னவாகியிருக்கும் என்று நினைக்க எனக்கும் நடுக்கம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் உறுதியில் மட்டும் பிள்ளை பிறந்துவிடுமா? அடுத்த வாரிசின் பெயரையாவது சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். 1561இல் ஸ்காட்லாந்துத் தூதர் மெயிட்லண்ட் இதையே கேட்டார். என் பிணத்துணியை நானே விரும்புவேன் என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார் ராணி. மக்களின் கண் எப்போதும் அடுத்து வருபவர் மீதே இருக்கும் என்றார். அடுத்து வருபவராக இருந்து டவருக்குப் போனவர் சொன்னது அது. கல்யாணத்தைப் போலவே வாரிசுப் பேச்சையும் சாகும்வரை முடிக்கவில்லை. வாய் திறந்த உறுப்பினர் பீட்டர் வென்ட்வொர்த் டவரில் அடைபட்டு அங்கேயே செத்தார்.

1603 மார்ச் 24 விடியும் முன் ரிச்மண்ட் அரண்மனையில் எலிசபெத் கண்மூடினார். செசிலின் மகன் ராபர்ட் செசில் எல்லாவற்றையும் முன்பே ரகசியமாக எழுதிப் பேசி வைத்திருந்தார்; அன்று காலையிலேயே, ஸ்காட்லாந்து மேரியின் மகன் ஜேம்ஸ் மன்னர் என்று லண்டனில் அறிவித்தாயிற்று. உள்நாட்டுப் போருக்குப் பயந்து நாற்பது ஆண்டு கழித்த நாடு கதவுகளைத் திறந்து பார்த்தது, தெருவில் ஒன்றுமில்லை. ராபர்ட் கேரி என்ற பிரபு சேதியைச் சொல்லக் குதிரையில் பறந்து 26ஆம் தேதி இரவு எடின்பரோ சேர்ந்தார். ஜேம்ஸ் படுக்கைக்குப் போய்விட்டிருந்தார். வந்தவரின் தலையெல்லாம் ரத்தம். சண்டை ஒன்றுமில்லை, எல்லைப் பக்கம் வரும்போது குதிரையிலிருந்து விழுந்துவிட்டார், குதிரை ஓர் உதை விட்டுவிட்டது. அந்த அரியணை மாற்றத்தில் ரத்தம் சிந்தியவர் என்று எனக்குத் தெரிந்தது அவர் ஒருவர்தான்.